1 எச்பி கம்ப்ரசர்: சக்ஷன் ரீடைத் தடிமனாகப் போட்டால் இன்னும் சீக்கிரம் உடைகிறதே, ஏன்?

குறிச்சி பட்டறை:

வணக்கமுங்க. கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் சின்ன பட்டறை வைத்திருக்கிறேன். பத்து வருடமாகப் பம்புக்காரர்களுக்கு ஷாஃப்ட், புஷ், இம்பெல்லர் என்று ஜாப் வொர்க்தான். அடுத்தவர் டிராயிங்குக்கே எத்தனை நாள் லேத் ஓட்டுவது என்று போன வருடம் சொந்தமாக ஒரு சின்ன கம்ப்ரசர் போட ஆரம்பித்தேன். பஞ்சர் கடை, ஸ்பிரே பெயின்ட், தறிக்கூடத்தில் பஞ்சு ஊதுவது, இந்த மாதிரி வேலைகளுக்கு இரண்டு பேர் சேர்ந்து தூக்கி டெம்போவில் வைக்கிற அளவில் இருந்தால் போதும் என்பது என் கணக்கு. 1 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார், 1440 ஆர்பிஎம், பெல்ட் கிடையாது, மோட்டார் ஷாஃப்டிலேயே கிராங்க். போர் (சிலிண்டர் உள்விட்டம்) 50 மில்லி மீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 40, ஒற்றை சிலிண்டர், அடியில் ஆயில். டேங்க் 45 லிட்டர், 8 பாரில் கட் ஆஃப்.

தொல்லை எல்லாம் சக்ஷன் வால்வில்தான், அதாவது காற்றை உள்ளே இழுக்கும்போது வளைந்து திறந்து பிறகு ஓட்டையை மூடுகிற மெல்லிய தகட்டு நாக்கில், அதுதான் ரீடு. வால்வு பிளேட் வார்ப்பிரும்பு, 8 மில்லி கனம். ஒரு பாதியில் 14 மில்லி சக்ஷன் ஓட்டை, மறுபாதியில் 12 மில்லி டெலிவரி ஓட்டை. சக்ஷன் ரீடு இஎன்42 என்கிற ஸ்பிரிங் ஸ்டீல் தகடு, 0.4 மில்லி. வயர் கட்டில் (கம்பியும் மின்பொறியும் வைத்து வெட்டுகிற மெஷின்) வெட்டி, இங்கேயே ஹீட் ட்ரீட்மென்ட் கொடுத்து, இரண்டு ஸ்குரூ போட்டுப் பிடித்திருக்கிறேன். பிடித்த இடத்திலிருந்து ஓட்டையின் நடு வரை 25 மில்லி. ரீடு அதிகம் வளையக் கூடாது என்று இரண்டு பக்கமும் ஸ்டெப் பின் அடித்து 3 மில்லியில் நிறுத்தியிருக்கிறேன், பின் தலைகள் உள்ளே போக பிஸ்டன் தலையில் இரண்டு குழி.

முதல் ரீடு சுமார் 90 மணி நேரத்தில் பிடித்த இடத்திலேயே வெட்டுப்பட்டது போல உடைந்தது. சரி, மெல்லிசாகப் போய்விட்டது போல என்று 0.5 போட்டேன். அது 40 மணி நேரம்கூட ஓடவில்லை! துண்டு உள்ளே விழுந்து லைனரில் கோடு போட்டுவிட்டது. 0.6 போடலாமா, இல்லை இது வேறு கோளாறா? இன்னொன்று, டேங்க் 0 முதல் 7 பார் ஏற 5 நிமிடம் 40 வினாடி ஆகிறது, இதே சைஸ் மார்க்கெட் மெஷின் இதைவிட சீக்கிரம் ஏற்றுகிறது. தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்க.


டிராக்டர் கம்ப்ரசர்:

தம்பி, 0.6 போடாதே. அதுவும் உடையும், இன்னும் சீக்கிரம் உடையும்.

நான் முப்பது வருடம் கிணறு வெட்டுகிற டிராக்டர் கம்ப்ரசருக்கு வால்வு வேலை பார்த்தவன். பல்லடம், காங்கேயம் பக்கம் பாறையில் ஜாக்ஹாமர் போட்டுக் கிணறு ஆழப்படுத்திய காலத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு ஹெட்டைக் கழற்றியிருக்கிறேன். அதிலெல்லாம் வட்டத் தகடும் அதற்கு மேல் ஸ்பிரிங்கும் இருக்கும், உன்னுடையது போல ரீடு இல்லை. ஆனால் உடைகிற விதம் ஒன்றுதான். முதலில் சில கேள்வி.

உடைந்த துண்டை வைத்திருக்கிறாயா? முறிவின் ஓரத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பார். கடற்கரை மணலில் அலை வரி விழுவது போல மெல்லிய வரிகள் ஒரு ஓரத்திலிருந்து கிளம்பியிருந்தால் அது களைத்துப்போய் உடைந்தது, ஒரே அடியில் உடைந்தது இல்லை. எந்த ஓரத்திலிருந்து வரி கிளம்புகிறதோ அங்கே விரல் நகத்தை ஓட்டிப் பார், பிசிறு தட்டும். வயர் கட்டில் வெட்டினால் ஓரத்தில் உருகி உறைந்த ஒரு தோல் நிற்கும், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது முழுக்க மயிரிழை வெடிப்பு. அதை எடுக்காமல் போட்டால் நீயே வெடிப்புக்கு விதை போட்டுக் கொடுத்த மாதிரி.

அப்புறம், வால்வு பிளேட்டை எப்படி முடித்தாய்? பேஸ்ட் போட்டுத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி லேப் பண்ணியிருப்பாய் என்று நினைக்கிறேன், புதிதாகப் பண்ணுகிற எல்லாரும் அதைத்தான் பெருமையாகச் செய்வார்கள்.

மெஷின் ஓடும்போது ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை வாய்க்கு அருகில் பிடித்துப் பார். இழுக்க மட்டும்தான் வேண்டும். இழுத்துவிட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொக்கென்று திருப்பி ஊதினால் சக்ஷன் ரீடு சரியாக மூடவில்லை. ஊதுகிற காற்றில் எண்ணெய் வாசனை வரும், கை லேசாக ஈரமாகும்.


குறிச்சி பட்டறை:

அண்ணா, லென்ஸில் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே வரி இருக்கிறது, இடது பக்க ஓரத்திலிருந்து. பிளேட்டும் கண்ணாடி மாதிரிதான் லேப் பண்ணியிருக்கிறேன், முகம் தெரியும். அது தப்பா? கை வைத்தும் பார்த்தேன், திருப்பி ஊதுகிறது, உள்ளங்கையில் எண்ணெய்ப் பொட்டு விழுந்தது.


வால்வு பைத்தியம்:

பீளமேட்டில் இருந்து எழுதுகிறேன், வேலை கம்ப்ரசர் டிசைன். மேலே அண்ணன் சொன்னதைக் கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் "கெட்டியாகப் போட்டால் தாங்கும்" என்பது ஷாஃப்டுக்குச் சரி, கலப்பைக் கொழுவுக்குச் சரி, ரீடுக்கு நேர் எதிர்.

ஒரு பக்கம் பிடித்த தகட்டின் நுனியைக் குறிப்பிட்ட தூரம் வளைத்தால், பிடித்த இடத்தில் வரும் ஸ்ட்ரெஸ் = 3 × 2,10,000 × தடிமன் × லிஃப்ட் (நுனி தூக்குகிற தூரம்) ÷ (2 × நீளம் × நீளம்). எல்லாம் மில்லி மீட்டரில் போட்டால் விடை மெகாபாஸ்கலில் (எம்பிஏ) வரும். உங்கள் 0.4 தகட்டுக்கு 3 மில்லி லிஃப்ட், 25 நீளம் போட்டால் சுமார் 605 எம்பிஏ. 0.5 போட்டால் 756. பார்த்தீர்களா? எவ்வளவு தூரம் வளைய வேண்டும் என்பதை நீங்கள் பின் அடித்து முடிவு செய்துவிட்டீர்கள். அந்தத் தூரத்துக்குத் தடிமன் தகடு வளைந்தால் அதன் ஓரம் அதிகம் இழுபடும், அவ்வளவுதான் விஷயம். மெல்லிய புத்தகத்தையும் தடித்த டெலிஃபோன் டைரக்டரியையும் ஒரே அளவு வளைத்துப் பார்த்தால் எது கிழியும் என்று தெரியும். (டெலிஃபோன் டைரக்டரி இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்காதீர்கள்.)

நீளம் மட்டும் இரண்டு தடவை வகுக்கிறது, கவனியுங்கள். ரீடு குட்டையாக இருப்பதுதான் உங்கள் முதல் தப்பு.

அடுத்து எத்தனை தடவை வளைகிறது என்பது. 1440 ஆர்பிஎம் என்றால் மணிக்கு 86,400 தடவை. 90 மணி நேரம் என்றால் சுமார் 78 லட்சம். எஃகின் களைப்பைப் பொறுத்தவரை ஒரு கோடி தடவை தாண்டினால்தான் கிட்டத்தட்ட தப்பித்தது என்று எடுத்துக்கொள்வோம், அது உங்கள் மெஷினில் 116 மணி நேரம். அதனால் "ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது" என்பது, பகலில் மட்டும் ஓட்டியிருந்தால், எதையும் நிரூபிக்காது. இதில் இன்னொன்று, ரீடு ஒரு சுற்றில் ஒரு தடவைதான் திறந்து மூடும் என்று எண்ணுகிறோம். அது கையில் பிடித்த காகிதம் காற்றில் படபடப்பது போலப் பல தடவை அடித்துக்கொள்ளும். உங்கள் 25 மில்லி, 0.4 ரீடின் சொந்த அதிர்வு நொடிக்கு 530 தடவை பக்கம் வருகிறது, உள்ளே இழுக்கிற நேரமோ 13 முதல் 16 மில்லி செகண்ட். அந்த நேரத்துக்குள் ஏழெட்டு தடவை அது பின்னை அடித்துவிட்டு வர இடம் இருக்கிறது.

இப்போது 3 மில்லி லிஃப்ட் ஏன் வைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். ஓட்டையின் பரப்பும், ரீடுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் சுற்றிவரத் திறக்கும் பரப்பும் சமமாக இருக்க வேண்டும் என்று படித்திருப்பீர்கள். அது சரிதான், ஓட்டை விட்டத்தில் நாலில் ஒரு பங்கு தூக்கினால் இரண்டும் சமம். 14க்கு 3.5 வருகிறது, அதனால்தான் அவ்வளவு தூக்கினீர்கள். ஆனால் கணக்கை அந்தப் பக்கமாகத் திருப்ப வேண்டியது இல்லை. ஓட்டையைச் சின்னதாக்கி எண்ணிக்கையைக் கூட்டுங்கள். 14 மில்லி ஒரு ஓட்டைக்குப் பரப்பு 154 சதுர மில்லி, சுற்றளவு 44. அதற்குப் பதில் 8 மில்லியில் மூன்று ஓட்டை போட்டால் பரப்பு 151, கிட்டத்தட்ட அதேதான், ஆனால் சுற்றளவு 75. இப்போது 2 மில்லி தூக்கினால் போதும். உங்கள் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 1.92 மீட்டர், இந்த ஓட்டை வழியே காற்று சராசரி 25 மீட்டர் வேகத்தில் போகும். சின்ன கம்ப்ரசருக்கு இது நல்ல அளவு.

சின்ன ஓட்டைக்கு இன்னொரு லாபம். கம்ப்ரஷன் நேரத்தில் 8 பார் ரீடை ஓட்டைக்குள் அமுக்கும், தகடு ஓட்டை மேல் குழிந்து நிற்கும். அந்த ஸ்ட்ரெஸ் ஓட்டை விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 14 மில்லி ஓட்டை மேல் 0.3 தகடு போட்டால் சுமார் 540 எம்பிஏ வரும், அதனால்தான் பெரிய ஓட்டைக்கு மெல்லிய ரீடு போடவே முடியாது. 8 மில்லி ஓட்டை மேல் அதே 0.3 தகட்டுக்கு 176தான். ஓட்டை சின்னது என்றால் தகடு மெல்லியதாகலாம், தகடு மெல்லியது என்றால் வளைவு சுலபம், எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னியது.


பெல்ட் டிரைவ்தான் ராஜா:

இவ்வளவு வம்பு எதற்கு? பெல்ட் போட்டு 800 ஆர்பிஎம்முக்கு இறக்குங்கள், கடையில் கிடைக்கிற வட்டத் தகடு வால்வு செட்டை வாங்கிப் போடுங்கள், பத்து வருடம் ஓடும். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அப்படி ஒன்று இருக்கிறது, ஸ்பிரிங் மட்டும் இரண்டு தடவை மாற்றினோம். ரீடு எல்லாம் ஃபிரிட்ஜுக்குத்தான்.


வால்வு பைத்தியம்:

உங்கள் மெஷின் எத்தனை கிலோ, புல்லி கார்டு எத்தனை அடி என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அவர் கேட்டது இரண்டு பேர் தூக்குகிற மெஷின். தட்டு வால்வு கெட்டது இல்லை, ஆஸ்திரியாக்காரர் ஹான்ஸ் ஹோர்பிகர் 1895இல் கண்டுபிடித்தது, இன்றைக்கும் பெரிய பெரிய கம்ப்ரசரில் அதன் வாரிசுகள்தான் ஓடுகின்றன. ஆனால் 50 போரில் தட்டு, ஸ்பிரிங், அதைப் பிடிக்கிற கூடு எல்லாவற்றையும் திணித்தால் உள்ளே செத்த இடம் (பிஸ்டன் மேலே வந்த பிறகும் காற்று வெளியேறாமல் மிஞ்சுகிற இடம்) கூடிவிடும், தட்டின் எடையும் 1440க்கு அதிகம். சின்னதுக்கு ரீடுதான் சரி. ரீடு உடைகிறது என்பதற்காக ரீடை விட வேண்டியது இல்லை.

செத்த இடம் என்றதும் ஞாபகம் வருகிறது, குறிச்சி அண்ணா, உங்கள் 5 நிமிடம் 40 வினாடிக்கு அதுதான் பாதிக் காரணம். 45 லிட்டர் டேங்க், 7 பார் என்றால் உள்ளே போனது சுமார் 315 லிட்டர் காற்று, நிமிடத்துக்கு 55தான் வருகிறது. பிஸ்டன் நிமிடத்துக்கு வழிக்கிறதோ 113 லிட்டர். பாதிகூட வரவில்லை. கேஸ்கெட் எத்தனை கனம், பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டர் முகத்துக்கு எவ்வளவு கீழே நிற்கிறது?


குறிச்சி பட்டறை:

கேஸ்கெட் 1.5 மில்லி. பிஸ்டன் 0.6 கீழே நிற்கிறது, இடித்துவிடும் என்ற பயத்தில் அப்படி வைத்தேன்.

பெல்ட் அண்ணாவுக்கு: என் வீட்டுப் பின்னாடியும் ஒரு பெல்ட் மெஷின் நிற்கிறது, அதைத் தூக்க நாலு பேர் வேண்டும், அதனால்தான் இந்த வேலையில் இறங்கினேன்.


வால்வு பைத்தியம்:

பார்த்தீர்களா. 1.5ம் 0.6ம் சேர்ந்து 2.1 மில்லி, 50 போருக்கு அதுவே 4.1 சிசி. டெலிவரி ஓட்டை 12 மில்லி விட்டம், 8 கனம், அதற்குள் 0.9 சிசி. பிஸ்டன் குழிகள் ஒரு 0.4. மொத்தம் 5.4 சிசி, ஸ்ட்ரோக் கொள்ளளவு 78.5 சிசியில் கிட்டத்தட்ட 7 சதவீதம். மேலே மாட்டிய அந்தக் காற்று 8 பார் அழுத்தத்தில் நிற்கிறது, பிஸ்டன் இறங்கும்போது முதலில் அது விரிந்து முடிந்தால்தான் சக்ஷன் ரீடு திறக்கவே தொடங்கும். 7 பாரில் அதனால் மட்டும் 28 சதவீதம் போகிறது. இதை 3.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 14 சதவீதம்தான் போகும். சக்ஷன் ஓட்டை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இந்தக் கணக்கில் வராது, ஏனென்றால் ரீடு சிலிண்டர் பக்கம் இருந்து மூடுகிறது, ஓட்டை வெளியே நிற்கிறது. டெலிவரி ஓட்டைதான் உள்ளே நிற்கிறது, அதைப் பெரிதாக்கும்போது யோசியுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இது. ரீடை போரின் குறுக்கே முழு நீளத்துக்குப் போடுவேன். ஒரு பக்கம் சிலிண்டருக்கும் பிளேட்டுக்கும் நடுவில் பிடி, எதிர்ப் பக்கம் ரீடின் நாக்கு நுனி சிலிண்டர் வாயின் விளிம்பில் வெட்டிய ஒரு சின்ன பள்ளத்துக்குள் வந்து உட்காரும். அந்தப் பள்ளத்தின் ஆழம்தான் லிஃப்ட். ஸ்டெப் பின் வேண்டாம், பிஸ்டனில் குழி வேண்டாம். பள்ளம் எண்ட் மில்லில் ஐந்து நிமிட வேலை. டெலிவரி ஓட்டை எங்கே போகும் என்று கேட்பீர்கள், ரீடின் இடுப்பில் ஒரு நீள்வட்ட ஜன்னல் வெட்டி அதற்குள் விட்டுவிடலாம், சின்ன கம்ப்ரசர்களில் இது வழக்கம். ஜன்னல் வெட்டுவதால் இடுப்பும் இளகும், அதுவும் லாபம். மூன்று 8 மில்லி சக்ஷன் ஓட்டையும் நாக்கு நுனிப் பக்கம் வளைவாக வரட்டும். நடுவில் வைத்தால் அங்கே ரீடு பாதிகூடத் தூக்காது, நுனியில் 2.5 தூக்கினாலும் நடுவில் ஒரு மில்லியை ஒட்டித்தான் இருக்கும்.

நீளம் 48, தடிமன் 0.3, நுனி லிஃப்ட் 2.5 போட்டால் ஸ்ட்ரெஸ் 103 எம்பிஏ. உங்களுடையது 605. ஆறில் ஒரு பங்கு!


டிராக்டர் கம்ப்ரசர்:

கணக்கு எனக்குப் பாதி புரிந்தது, ஆனால் சரியாகத்தான் இருக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும். ரீடை ரொம்ப இளக்கினால் பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே வர ஆரம்பித்த பிறகும் அது "இரு, வருகிறேன்" என்று மெதுவாக மூடும். அதற்குள் கொஞ்சம் காற்று ஃபில்டர் வழியே வெளியே போய்விடும், அது போகட்டும், மூடுகிற அடி பலமாக விழும். காதுக்கே தெரியும், டக் டக் என்று ஹெட்டில் ஆணி அடிக்கிற சத்தம். அதனால் 0.3 ஒன்று, அதைவிடக் கொஞ்சம் தடிமனாக ஒன்று, இரண்டும் வெட்டி ஓட்டிப் பார். காகிதத்தில் முடிவு பண்ணாதே.

கண்ணாடி லேப்பிங் பற்றிக் கேட்டாயே. கல்யாண மண்டபத்தில் எவர்சில்வர் தட்டுகளைக் கழுவி ஈரத்தோடு அடுக்கி வைத்தால் மேல் தட்டை எடுக்கும்போது கீழ்த் தட்டும் கூடவே வரும், பார்த்திருப்பாய். எண்ணெய் பட்ட ரீடும் வழவழப்பான பிளேட்டும் அதே கதைதான். பிஸ்டன் இழுக்கிறது, ரீடு வர மாட்டேன் என்கிறது, ஒட்டு விடும்போது சடாரென்று போய் ஸ்டாப்பரில் மோதுகிறது. திறக்கிற நேரமும் போச்சு, ரீடும் போச்சு. அதனால் பிளேட் மட்டமாக இருக்க வேண்டும், வழவழப்பாக இருக்க வேண்டியது இல்லை. ஓட்டையைச் சுற்றி ஒன்று, ஒன்றரை மில்லி அகலத்துக்கு மட்டும் ரீடு உட்காருகிற சீட் நிற்கட்டும், அதற்கு வெளியே ஒரு அரை மில்லி ஆழத்துக்கு வட்டமாகக் காடி வெட்டிவிடு. ரீடு தொடுகிற இடம் குறைந்தால் ஒட்டும் குறையும். ஆனால் சீட்டை ஊசி மாதிரி ஆக்கிவிடாதே, ரீடில் வட்டமாகத் தழும்பு விழும். ஓட்டையின் விளிம்பிலும் கூர் வேண்டாம், எண்ணெய்க் கல்லால் லேசாகத் தடவி விடு.

மட்டம் சோதிக்க: பிளேட்டைத் திருப்பி வைத்து ரீடு உட்கார்ந்தபடி ஓட்டைக்குள் மண்ணெண்ணெய் ஊற்று. சொட்டக் கூடாது, ஓரத்தில் லேசாக வியர்த்தால் பரவாயில்லை. நாங்கள் கிணற்று மேட்டில் அதைத்தான் பண்ணினோம், இன்றைக்கும் அதைவிட மலிவான கருவி இல்லை.


வால்வு பைத்தியம்:

எண்ணெய் ஒட்டு விஷயத்தை அண்ணன் சொன்னது அப்படியே சரி, நான் எழுத மறந்துவிட்டேன்.

தகடு பற்றி: இஎன்42 தகட்டை வாங்கி வெட்டிவிட்டுப் பிறகு ஹீட் ட்ரீட்மென்ட் கொடுப்பதை விடுங்கள். 0.4 தகடு சூளையில் போனால் கோணிக்கொள்ளும், மேல் தோலில் கார்பன் போய்விடும், களைப்பு ஆரம்பிப்பதே அந்தத் தோலில்தான். ஃப்ளாப்பர் வால்வு ஸ்டீல் என்று ஏற்கெனவே கடினமாக்கி, டெம்பர் பண்ணி, பாலிஷோடு சுருளாக வருகிறது. கார்பன் ஸ்டீலில் ஒரு வகை, ஸ்டெயின்லெஸ்ஸில் ஒரு வகை. 7சி27மோ2 என்று கேட்டால் ஸ்டெயின்லெஸ், அதில் 13.5 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் மாலிப்டினம். 0.203, 0.254, 0.305, 0.381 என்று தடிமன் வரும். உங்களுக்கு 0.305ம் 0.381ம் போதும். விலை இஎன்42 மாதிரி இருக்காது, ஆனால் ஒரு ரீடுக்கு எத்தனை சதுர சென்டிமீட்டர் வேண்டும் என்று பாருங்கள்.

வெட்டும்போது ரீடின் நீளம் தகடு உருட்டிய திசையிலேயே வர வேண்டும். பாவு, ஊடை மாதிரிதான், தகட்டுக்கும் ஒரு திசை உண்டு. குறுக்கே வெட்டினால் ஆயுள் குறையும். வெட்டிய பிறகு ஓரத்தை உருட்ட வேண்டும். பெரிய கம்பெனிகள் செராமிக் கல், தண்ணீர், சோப் எல்லாம் போட்டு டம்ப்ளிங் டிரம்மில் மணிக்கணக்கில் ஓட்டுவார்கள். கையால் எமரி போடலாம், ஆனால் நீளவாக்கில் தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் ஒரு வெடிப்பின் முதல் வரி.


பனியன் ஊர்:

திருப்பூரில் இருந்து. நான் டிசைன் ஆள் இல்லை, நிட்டிங் யூனிட்டில் மெயின்டனன்ஸ். ஒன்று மட்டும் சொல்கிறேன், தறிக்கூடத்துக்கு விற்கப் போகிறீர்கள் என்றால் ஃபில்டரை மறந்துவிடாதீர்கள். எங்களிடம் இருந்த ஒரு சின்ன மெஷினில் வெறும் வலை ஃபில்டர். பஞ்சுத் தூசி அதைத் தாண்டி உள்ளே போய், ரீடில் இருக்கிற எண்ணெயோடு சேர்ந்து அரைத்த சட்னி மாதிரி சீட்டில் அப்பிக்கொண்டது. ஹெட்டைக் கழற்றும்போது நகத்தால் சுரண்டி எடுத்தேன், சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை. ரீடு உடையவே இல்லை, மூடவில்லை அவ்வளவுதான். காற்று திருப்பி ஊதி ஊதி ஹெட் கொதித்துப் பெயின்ட் கருகியது. ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் அதே பாடு, மெஷின் மூச்சு வாங்கும், காற்று வராது, ஆப்பரேட்டர் "மோட்டார் வீக்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பெரிய ஃபில்டர், கையாலேயே கழற்றித் தட்டுகிற மாதிரி, பட்டாம்பூச்சி நட்டோடு போடுங்கள். ஸ்பேனர் தேவைப்பட்டால் யாரும் கழற்ற மாட்டார்கள்.


குறிச்சி பட்டறை:

எல்லாருக்கும் நன்றிங்க. ஆறு வாரம் கழித்து வந்து எழுதுகிறேன், திட்டாதீர்கள்.

பிளேட்டைப் புதிதாகப் போட்டேன். மூன்று 8 மில்லி ஓட்டை, சுற்றிக் காடி, சீட் அகலம் 1.2. லேப்பிங்கை நிறுத்திவிட்டு சர்ஃபேஸ் கிரைண்டிங்கோடு விட்டுவிட்டு, மண்ணெண்ணெய் ஊற்றினேன். ஒரு ஓட்டையில் சொட்டியது, அதை மட்டும் பேஸ்ட் போட்டு லேசாகத் தேய்த்தேன், நின்றுவிட்டது. கேஸ்கெட் 0.5. பிஸ்டனுக்கும் பிளேட்டுக்கும் மொத்த இடைவெளி 0.9 வருகிறது. அதை அளக்க ஈயக் கம்பியைப் பிஸ்டன் மேல் கிரீஸால் ஒட்டி, ஹெட்டைப் போட்டுப் பூட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கியதை மைக்ரோமீட்டரில் பார்த்தேன். நாலு இடத்தில் வைத்தேன், ஒரு பக்கம் 0.85, எதிர்ப் பக்கம் 0.95. கனெக்டிங் ராடு கொஞ்சம் சாய்வு போல, அது வேறு கதை.

டம்ப்ளிங்குக்கு அலைந்த கதையைச் சொல்லியே ஆக வேண்டும். பீளமேடு, கணபதி என்று நாலு இடத்தில் கேட்டேன், பத்து ரீடுக்காக யாரும் டிரம் ஓட்டத் தயாராக இல்லை. கடைசியில் ராஜ வீதியில் நகைப் பட்டறை வைத்திருக்கிற பள்ளிக்கூட நண்பனிடம் ஒரு சின்ன வைப்ரேட்டர் இருந்தது. கொலுசும் வளையலும் பாலிஷ் பண்ணுகிற மெஷினில் என் ரீடுகள் எட்டு மணி நேரம் குலுங்கின. கை விரலை ஓரத்தில் ஓட்டினால் இப்போது எங்கேயும் தட்டவில்லை. நண்பன் கூலி வாங்கவில்லை, ஆனால் அவன் டேங்கில் ஆயில் வந்துவிட்டது என்று இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறான்.

ரிசல்ட்: 0.305 ரீடோடு 0 முதல் 7 பார் 4 நிமிடம் 10 வினாடி. நிமிடத்துக்கு 75 லிட்டர் பக்கம். 0.381 போட்டால் 4 நிமிடம் 20 வினாடி, சத்தமும் கொஞ்சம் கூட. இளகினால் டக் டக் சத்தம் வரும் என்று டிராக்டர் அண்ணன் சொன்னதால் பயந்துகொண்டே 0.305ஐப் போட்டேன், ஆனால் அது வரவில்லை. ஃபில்டரில் கை வைத்தால் இழுப்பு மட்டும்தான். 300 மணி நேரம் தாண்டிவிட்டது, அதாவது இரண்டரைக் கோடி தடவைக்கு மேல். கழற்றிப் பார்த்தேன், நாக்கு நுனியில் பள்ளத்தில் தட்டுகிற இடத்தில் மட்டும் லேசான பளபளப்பு, வெடிப்பு இல்லை.

பனியன் ஊர் அண்ணா, பட்டாம்பூச்சி நட்டு போட்டாச்சு.

இப்போது ஒரு சிக்கல். பார்த்த ஒருவர் இதே மெஷினை 2850 ஆர்பிஎம் மோட்டாரில் கேட்கிறார், இன்னும் சின்னதாக, எடை குறைவாக. இதே ரீடு தாங்குமா?


வால்வு பைத்தியம்:

தாங்குமா என்பது இருக்கட்டும், மூடுமா என்று கேளுங்கள். உள்ளே இழுக்கிற நேரம் பாதியாகிவிடும், 6 முதல் 8 மில்லி செகண்ட். உங்கள் 0.305 ரீடின் அதிர்வு நொடிக்கு 110 பக்கம், ஒரு முழு ஆட்டத்துக்கே 9 மில்லி செகண்ட் வேண்டும். பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போது அது திறந்தே நிற்கும். லிஃப்ட் குறைய வேண்டும், ஓட்டை இன்னும் சின்னதாகி எண்ணிக்கை கூட வேண்டும், ஸ்ட்ரோக்கும் குறைய வேண்டும். போர், ஸ்ட்ரோக், மோட்டார் விவரம் எல்லாம் போட்டு வேறு இழை ஒன்று ஆரம்பியுங்கள், இதே மெஷினில் மோட்டாரை மட்டும் மாற்றி ஓட்டிவிடாதீர்கள்.


டிராக்டர் கம்ப்ரசர்:

அந்த உடைந்த 0.5 துண்டு இருந்தால் எனக்கு ஒன்று கொடு தம்பி. பேரன் பாலிடெக்னிக் படிக்கிறான், அந்த வரியை அவனுக்கு லென்ஸில் காட்ட வேண்டும்.